மேட்டுக்குப் போட்ட குழாய்

அவளுக்கு மூக்கி என்று பேர் வந்தது மூக்கு பெரிதாக இருந்ததால் அல்ல. அது அளவான மூக்குதான். ஆனால் அந்த மூக்கு அவளை நிம்மதியாக இருக்க விட்டதே இல்லை. பால் திரியப்போவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சரியாகக் காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது பேருந்தில் பக்கத்தில் வந்து நின்றால், இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்துவிடுவாள். பாத்திரம் துலக்கும் நாரை அவள் தூக்கிக் குப்பையில் போடுவாள். அம்மா அதை எடுத்து அலசித் திரும்பவும் தொட்டி ஓரத்தில் வைப்பாள்.

"நீ அரண்மனையில பொறக்க வேண்டியவ. வழி தவறி இங்க வந்து விழுந்துட்ட" என்பாள் அம்மா.

குற்றம் முழுக்க அவளுடையதும் இல்லை. அப்பா வாசனைக் கடையில் விற்பனையாளர். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மெல்லிய காகிதக் கீற்றில் அத்தரையும் சென்ட்டையும் தடவி வருகிறவர்களின் மூக்கருகே நீட்டுவதுதான் அவர் வேலை. உடைந்த பாட்டில், அடியில் ஒட்டிய மிச்சம், மூடி தொலைந்த சாம்பிள் என்று ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அவர்கள் வீட்டுத் தலையணையில்கூட ரோஜா மணக்கும். அப்பா சாதுவான மனிதர். குரல் உயர்த்தத் தெரியாது. கடை ரகசியம் ஒன்றைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்: "நாலஞ்சு பாட்டில அடுத்தடுத்து மோந்து பாக்க வெச்சிட்டா போதும்மா, மூக்கு மரத்துப் போயிடும். அப்புறம் எதக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு வாங்கிட்டுப் போவாங்க."

பள்ளி முடித்தபோது மூக்கிக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்கவில்லை. சிவில் கிடைத்தது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. எதிர்வீட்டு மாடி எழும்பியபோது கம்பி கட்டுவதையும் கான்கிரீட் கொட்டுவதையும் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது அப்பா. ஊரைவிட்டுத் தள்ளி ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி. ஒரே வளாகம், மூன்று கட்டடம், ஒரு விடுதி. கையேட்டின் அட்டையில் சிரிக்கும் பெண்கள், பின்னால் புல்வெளி.

"பொண்ணுங்க மட்டும் படிக்கிற எடம். பளிச்சுன்னு இருக்கும். உன் மூக்குக்குத் தோதா" என்றார் அப்பா.

விடுதிக்குள் காலை வைத்த முதல் நாளே மூக்கி கைக்குட்டையைத் தேடினாள். கீழ்த்தளத் தாழ்வாரத்தில் நுழைந்ததும் முகத்தில் அறைந்தது அந்த நாற்றம். அழுகிய முட்டையும், ஊறிப்போன துணியும், அதன் மேல் அடித்திருந்த எலுமிச்சை ஸ்ப்ரேயும் ஒன்றாகக் கலந்த நாற்றம். எலுமிச்சைதான் தாங்க முடியாததாக இருந்தது. நாற்றம் என்றால் நாற்றமாக வந்து தொலையலாம். பல்லை இளித்துக்கொண்டு வந்தால் எப்படித் தாங்குவது?

குளியலறை வரிசையின் தரையில் கணுக்கால் நனையும் அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் நின்றது. யாரோ செங்கல் அடுக்கிப் பாதை போட்டிருந்தார்கள். ஒரு மூத்த மாணவி வாளியைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவி, கொக்கு மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

"இது எப்பவும் இப்படித்தானாக்கா?" என்று கேட்டாள் மூக்கி.

"காலைல எல்லாரும் குளிக்கிற நேரத்துல ஏறும். மத்தியானம் எறங்கிடும். ஒரு வாரம் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்" என்றாள் அவள், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

அந்த 'பழகிடும்' மூக்கிக்குத் தண்ணீரைவிட அருவருப்பாக இருந்தது.

அவளுக்குப் பழகவில்லை. அறைத்தோழிகள் சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலில் படுத்துக் கதை பேசுவார்கள். அவள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து நிற்பாள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைக் கையில் எடுத்ததும் தட்டு எந்தக் குழாயில் கழுவப்பட்டிருக்கும் என்று மனசு போகும். பாதியில் எழுந்துவிடுவாள். முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது உடம்பு பாதியாகியிருந்தது. அம்மா பதறினாள். அப்பா ஒரு சின்ன பாட்டிலைக் கையில் திணித்தார். "மல்லிம்மா. கைக்குட்டைல ஒரு சொட்டு விட்டுக்க." அவள் வாங்கிக்கொண்டாள். கல்லூரிக்குத் திரும்பி ஒருநாள் உபயோகித்தும் பார்த்தாள். மல்லிகையும் சாக்கடையும் சேர்ந்து ஒரு புது நாற்றமானதுதான் மிச்சம்.

அவள் வகுப்பில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். அத்தனை உயரம், கதவைப் பார்த்தாலே தானாகக் குனிவாள். எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள், பெற்ற அம்மா உட்பட. சிவில் பிரிவில் மொத்தமே ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் பெண்கள். அதில் மூக்கிக்கு ஒட்டிக்கொண்டவள் அவள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பின்னால் 'மூக்கும் முழியும் போகுது' என்று கேலி கேட்கும். நெட்டைக்குக் கண் பெரியது.

இரண்டாம் வருடத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. காலை வகுப்பை நிறுத்திவிட்டு விடுதிப் பெண்கள் எல்லோரையும் மூக்கி சேர்வதற்கு முந்தின வருடம் கட்டிய கலையரங்கத்தில் உட்கார வைத்தார்கள். கல்லூரியின் தாளாளர் மேடை ஏறாமல் நடைபாதையிலேயே வந்து நின்றிருந்தார். வழுவழுவென்று சவரம் செய்த முகம், கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஷூ. பக்கத்தில் வார்டன், கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, மூடி போட்ட வாளியோடு நின்றாள்.

"உங்க வீட்டுல உங்கம்மா எதுவும் சொல்லித் தரலையா?" என்று ஆரம்பித்தார் தாளாளர். "படிச்ச பொண்ணுங்க. நாளைக்கு என்ஜினியர்ங்க. போடக் கூடாதத எல்லாம் டாய்லெட்டுக்குள்ள போட்டா குழாய் என்னத்துக்கு ஆகும்? எனக்குச் சொல்லவே வாய் கூசுது. மேடம், காட்டுங்க."

வார்டன் வாளியின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் எதையோ தூக்கிக் காட்டினாள். ஊறி உப்பிப்போன நாப்கின் ஒன்று சொட்டிக்கொண்டே மேலே வந்தது.

அத்தனை தலையும் ஒரே நேரத்தில் குனிந்தது. மூக்கி தன் தலையும் குனிந்திருப்பதைக் கவனித்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குச்சியில் தொங்கியதைவிட, தூக்கிக் காட்டிய கையைவிட, சொல்ல வாய் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பெண்ணின் முகமாக மேய்ந்த அந்தக் கண்ணைவிட, தானும் குனிந்ததுதான் அடிவயிற்றிலிருந்து கிளப்பியது. எழுந்து வெளியே ஓடப் பார்த்தாள். நடைபாதையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. காலையில் குடித்த டீ, தின்ற ரொட்டி எல்லாம் தாளாளரின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டியது.

அவர் பின்னால் துள்ளிக் குதித்தார். எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார், எல்லாம் நடிப்பு" என்றாள் வார்டன்.

அன்று மாலை கீழ்த்தளக் குளியலறைக்குப் பூட்டு விழுந்தது. கீழே இருந்த பெண்களும் மேல்தளத்துக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். அதோடு கழிவறைகளில் இருந்த குப்பைக் கூடைகளையும் எடுத்துவிட்டார்கள். கூடை இருப்பதால்தான் கண்டதையும் கொண்டுவருகிறார்களாம். வார்டனின் தர்க்கம் அப்படிப் போனது. அதற்குப் பிறகு மாதத்தில் அந்த நாட்களில் பெண்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றிப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்து, சாயந்தரம் வாசலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். மூக்கியின் பையில் அளவுகோலும் காம்பஸும் இருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் அந்தப் பொட்டலம் இருக்கும். கட்டட வரைபடம் போடும்போதெல்லாம் கையைக் கழுவிக் கழுவி விரல் நுனி வெளுத்துப்போனது.

கழிவுநீர்ப் பாடம் மூன்றாம் வருடத்தில் வந்தது. நடத்தியவர் துறைத் தலைவி. நல்ல படிப்பாளி, நல்ல மனுஷி, ஆனால் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே அவருடைய வாழ்க்கை லட்சியம். விடுதிப் பக்கம் பார்த்த ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, பழுத்த தாளிலிருந்து குறிப்பு வாசிப்பார்.

"கழிவுநீர்க் குழாய் போதிய சரிவில் பதிக்கப்பட வேண்டும். அப்போதுதான் நீர் தன் வேகத்தாலேயே குழாயைச் சுத்தம் செய்துகொள்ளும். எழுதியாச்சா?"

மூக்கி கையைத் தூக்கினாள். "மேடம், நம்ம ஹாஸ்டல் குழாய்க்கு என்ன சரிவு?"

வகுப்பு சிரித்தது. துறைத் தலைவி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது சிலபஸ்ல இல்ல. அடுத்த வரி எழுது."

மூக்கி எழுதவில்லை. அதுவரை அவளுக்கு அந்த நாற்றம் ஒரு தலையெழுத்து. மழை, வெயில் மாதிரி. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு சரிவு இருக்கிறது, அதை அளக்கலாம், அளந்தால் சரி தப்பு சொல்லலாம் என்பது மண்டையில் உறைத்தது.

கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். பெரும்பாலோர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் தயாராக வாங்கிவிடுவார்கள். பூகம்பம் தாங்கும் கட்டடம் என்று ஒரு தெர்மோகோல் பொம்மை வருடா வருடம் வேறு வேறு பெண்களின் கையில் அதே கல்லூரிக்கு வந்துபோகும். ஒரு மூலை எலி கடித்திருக்கும், அதுகூட மாறாது. மூக்கி நெட்டையை இழுத்துக்கொண்டு துறைத் தலைவியிடம் போனாள்.

"விடுதிக் கழிவுநீர்க் குழாய் ஆய்வா?" துறைத் தலைவி தலைப்பை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பொம்பளப் பிள்ளைங்க செய்யற வேலையா இது? வேற தலைப்பே கெடைக்கலையா? மூக்கப் பொத்திக்கிட்டு யாரும்மா உன்கிட்ட வைவா கேப்பாங்க?"

"மூக்கப் பொத்திக்கிட்டுதானே மேடம் நீங்க பாடமே நடத்துறீங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் மூக்கி.

நெட்டை பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கிள்ளினாள். துறைத் தலைவியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு நாள்ல ஓடி வருவீங்க. அப்ப வேற தலைப்பு தரேன்."

முதலில் சாயம் விட்டுப் பார்த்தார்கள். துணிக்குப் போடும் சிவப்புச் சாயத்தை வாளியில் கரைத்து, விடுதிப் பின்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, நெட்டை வாசல் பக்கத் தொட்டியருகே போய் நின்றாள். குழாய் ஒழுங்காக இருந்தால் கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தண்ணீர் அங்கே வந்து, தெருவில் ஓடும் பொதுக் குழாயில் சேர வேண்டும். நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம், வரவில்லை. பெண்கள் மேலே குளிக்க ஆரம்பித்த நேரத்தில் கீழ்த்தளத்து வார்டன் அறையிலிருந்து ஒரு அலறல். "ரத்தம்! ரத்தம்!" என்று கத்திக்கொண்டே ஈரத் தலையோடு வெளியே ஓடிவந்தாள் வார்டன். அவளுடைய குளியலறைத் தரையில் சிவப்பாகக் கொப்பளித்துக்கொண்டு வந்திருந்தது. முன்னால் போக வேண்டியது பின்னால் திரும்பி வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நெட்டை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கல்லூரியில் மூக்கி மனசு விட்டுச் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

அடுத்து மட்டம் பார்க்க வேண்டும். சர்வே ஆய்வகத்திலிருந்து லெவல் கருவியையும், அளவு கீறிய உயரக் கம்பையும் தூக்கி வந்தார்கள். தொட்டிகளின் இரும்பு மூடியை நெம்பித் திறந்து, உள்ளே அடைந்த வாயு போகட்டும் என்று விலகி நின்றார்கள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, மேலிருந்தே கம்பை விடுவது என்று பேச்சு. மூக்கி தந்திரமாகத் தூரத்தில் கருவியின் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டாள். கம்பு நெட்டையின் கைக்குப் போனது. இரண்டாவது தொட்டியிலேயே நெட்டை கம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்டி, ஐடியா உன்னுது, நாத்தம் மட்டும் என்னுதா? நீ வா இங்க."

நியாயம்தான். மூக்கி போனாள். மூன்றாவது தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டு உள்ளே பார்த்தாள். மேலே பாலாடை மாதிரி ஒரு ஏடு படிந்திருந்தது. சுவர் முழுக்கக் கரப்பான் பூச்சி, வெளிச்சம் பட்டதும் சுவரே நகர்வதுபோல் சரிந்து ஓடியது. கம்பை ஏட்டைக் குத்திக் கீழே இறக்கியபோது ஒரு குமிழ் வந்து உடைந்தது. அவள் திரும்பிப் புல்லில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கம்பை நேராகப் பிடித்து, "படி!" என்று கத்தினாள். நெட்டை அளவைப் படித்தாள். மறுபடி வாந்தி. மறுபடி "படி!" குமட்டல் நின்றால் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் அது நிற்கவே போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. குமட்டிக்கொண்டே செய்தாள்.

தொட்டிக்குத் தொட்டி குழாயின் அடிமட்டம் இறங்கிக்கொண்டே வர வேண்டும். கலையரங்கம் வரை இறங்கியது. கலையரங்கத்தை ஒட்டிய தொட்டியில் ஒரேயடியாக ஏறியது. தப்பாகப் பிடித்துவிட்டோமோ என்று கருவியை இடம் மாற்றி வைத்து, ஆளும் மாறி, திரும்ப அளந்தார்கள். அதே அளவு. ஒரு முழம் மேடு. கலையரங்கம் கட்டியபோது அதன் அடித்தள விட்டம் பழைய குழாய்க்குக் குறுக்கே வந்திருக்கிறது. குழாயைச் சுற்றிக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, விட்டத்துக்கு மேலே தூக்கிப் போட்டு மூடிவிட்டார்கள். அத்தனை பெண்கள் குளித்த தண்ணீரும் மலமும் மேடேறிப் போக வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள் கம்பு டக்கென்று எதிலோ மோதியது. கொக்கி போட்டு இழுத்தபோது வந்தது நாப்கின் அல்ல. இறுகிப்போன சிமெண்ட் கட்டி, உடைந்த ஓடு, ஒரு சிமெண்ட் சாக்கு.

"இத எந்தப் பொண்ணு டாய்லெட்ல போட்டாளாம்?" என்றாள் நெட்டை.

கலையரங்கத்தைக் கட்டியவர் தாளாளரின் மச்சான். அது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் வரைந்த குழாய்ப் படத்தில், மேடேறிய இடத்து அளவின் மேல் துறைத் தலைவி விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "நல்லா பண்ணிருக்கீங்க. நெஜமாவே நல்லா பண்ணிருக்கீங்க. இந்த ஒரு அளவ மட்டும் மாத்திடுங்க. சரிவு கொறைவா இருக்கு, உபயோகிக்கிறவங்க கவனமா இருக்கணும்னு முடிவுரை எழுதிடுங்க. ஃபர்ஸ்ட் மார்க் நான் வாங்கித் தரேன்."

"மேடம், தண்ணி மேட்டுல ஏறாது."

"எனக்குத் தெரியாதா? நான் உனக்குப் பாடம் நடத்தினவ" என்றார் துறைத் தலைவி. குரலில் கோபமில்லை. அதுதான் மூக்கிக்கு என்னவோ செய்தது. தெரியாமல் சொன்னால் மன்னிக்கலாம்.

அவள் மாற்ற மாட்டேன் என்றாள். செய்தி தாளாளர் காதுக்குப் போனது. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அப்பா கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். தாளாளர் அறைக்கு வெளியே அவரைப் பார்த்ததும் மூக்கிக்கு அழுகை முட்டியது. "அப்பா, ஒரே ஒரு தடவ ஹாஸ்டல் பாத்ரூம் வந்து பாருங்க. மோந்தாலே உங்களுக்குப் புரியும்" என்றாள். "மொதல்ல பெரியவரப் பாத்துடுவோம்" என்றார் அப்பா.

உள்ளே தாளாளர் ஒன்றும் கத்தவில்லை. "உங்க பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணு. கெட்ட பேர் வாங்கிட்டுப் போகக் கூடாது பாருங்க. மேனேஜ்மெண்ட் மேல சேறு வாரி வீசுறது நல்லதா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. "சின்னப் பொண்ணு சார். வெவரம் பத்தாது. நான் சொல்லி வெக்கிறேன் சார்" என்று முதுகை வளைத்து நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். தங்க நாடா சுற்றியது. கடையில் மேல்தட்டில், பூட்டிய அலமாரியில் இருக்கும் பாட்டில். "எங்க கடைல புதுசா வந்திருக்கு சார். உங்களுக்குன்னு கொண்டாந்தேன்."

தாளாளர் மூடியைத் திறந்து மணிக்கட்டில் தடவி முகர்ந்தார். "பேஷ்" என்றார். அறை முழுக்க அந்த வாசனை பரவியது.

மூக்கி கண்ணை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் பிரியமாக முகர்ந்த ஒரே மனுஷனின் வாசனை அது. ஏடு படிந்த தொட்டியருகே கூட அவளுக்கு இந்த அளவுக்குக் குமட்டவில்லை.

வாசல்வரை இரண்டு பேரும் நடந்தார்கள். வாசலில் அப்பா சொன்னார். "ஒரு வரிதானேம்மா. மாத்திக் குடுத்துட்டு வெளிய வந்துடு. ஊர்ல எல்லா எடமும் இப்படித்தான் நாறுது. நாம என்ன பண்ண முடியும்?"

"நீங்க போங்கப்பா" என்றாள் அவள். "பஸ் வந்துடும்."

அவர் விடுதிப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் போனார்.

அன்று சாயந்தரம் நெட்டை அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. துறைத் தலைவியின் நற்சான்று வேண்டும். "நான் மாத்திக் குடுக்கப் போறேன்டி. என்னத் திட்டிக்க. ஆனா எனக்கு வேற வழியில்ல" என்றாள். மூக்கி திட்டவில்லை. "கம்பு புடிச்சது நீயும்தான். உனக்குத் தெரியும்ல, அது போதும்" என்றாள். அது திட்டியதைவிட மோசமாக விழுந்தது. நெட்டை எழுந்து போய்விட்டாள்; கதவருகே குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டாள். மூக்கி எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் தனித்தனியாக அறிக்கை கொடுத்தார்கள். அதே படம், அதே தொட்டிகள். ஒரே ஒரு எண்ணும், குழாயைச் சுற்றிக் கொண்டுபோக மூக்கி வழி வரைந்த கடைசிப் பக்கமும்தான் வேறு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே இரண்டையும் புரட்டினார். நெட்டைக்கு வகுப்பில் முதல் மதிப்பெண். மூக்கிக்குத் தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

அவள் நகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பால் திரிஞ்சா ஊரக் கூட்டுறவ. இவளுக்குப் போயி இந்த வேலையா!" முதல் வருடம் முழுக்க அவள் குமட்டினாள். மூடி திறக்கும் இடங்களில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து அளவெடுக்கும் உதவிப் பொறியாளரைத் தொழிலாளர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவள் ஓரமாகப் போகும்போது ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்ட ஆரம்பித்தார். ஆளை உள்ளே இறக்கச் சொன்ன ஒரு ஒப்பந்தக்காரரை, "மொதல்ல நீங்க எறங்குங்க, பின்னாலயே நான் வரேன்" என்று சொல்லி மூடியருகே கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் எந்திரம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு கேலி நின்றது.

அப்பாவோடு அவள் பேசாமல் இல்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்ற அளவுக்குப் பேச்சு இருந்தது. ஒருநாள் அவர் அவள் வேலை நடக்கும் தெருவுக்கே வந்துவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் வெறும் கையோடு நின்றார்.

"அன்னைக்கு நான் பயந்துட்டேம்மா."

"தெரியும்பா."

"இன்னும் கோவமா?"

அவள் கையுறையைக் கழற்றினாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. "கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு. அந்த வாசனதான் போக மாட்டேங்குது. கடைப் பக்கம் வந்தாலே ஒரு மாதிரி ஆயிடுது."

அப்பா தலையாட்டினார். எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்லி, ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, தானும் அந்தத் திறந்த மூடிக்குப் பக்கத்திலேயே நின்று குடித்தார். முகம் கோணிக்கொண்டு போனது, ஆனாலும் நகரவில்லை.

பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு ஒருமுறை போக வேண்டியிருந்தது. தபாலில் அனுப்ப மாட்டார்களாம், நேரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அலுவலக வேலை முடிந்ததும் கால் தானாக விடுதிப் பக்கம் போனது. கலையரங்கத்தைச் சுற்றி ஒரு நீளமான பட்டைக்குப் புது மண் போட்டு, அதன் மேல் புல் முளைத்திருந்தது. மூன்று இடத்தில் புதுத் தொட்டி மூடிகள். விடுமுறையில், பெண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சத்தமில்லாமல் தோண்டிச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். திருப்பம் வருமிடத்தில் தொட்டி வைத்திருந்த இடமெல்லாம் அவளுடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவள் போட்டுக் காட்டியிருந்த இடம்தான்.

கீழ்த்தளக் குளியலறையில் பூட்டு இல்லை. தரை காய்ந்திருந்தது. ஓரத்தில் மூடி போட்ட குப்பைக் கூடை. முதல் வருடப் பெண் ஒருத்தி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"யாரக்கா தேடுறீங்க?"

"யாரையும் இல்ல. இங்க படிச்சவ. முன்னெல்லாம் இங்க தண்ணி நிக்கும்."

"ஆமாக்கா, சொன்னாங்க. அப்போ இருந்தவங்க கண்டதயும் போட்டு அடைச்சு வெச்சிருந்தாங்களாமே. தாளாளர் சார்தான் பொண்ணுங்க கஷ்டப்படக் கூடாதுன்னு புதுசா போட்டுக் குடுத்தாராம். போன வருஷம் அவருக்குப் பாராட்டு விழாகூட எடுத்தாங்களாம்."

மூக்கிக்கு அடிவயிற்றில் பழைய இடத்திலேயே புரட்டியது. சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. போகவில்லை.

"யாரும் எதையும் போட்டு அடைக்கல. குழாய மேடா போட்டிருந்தாங்க. தண்ணி ஏறல. இப்ப சரிவா போட்டிருக்காங்க, ஓடுது. உள்ள கெடந்தது சிமெண்ட் கட்டி."

அந்தப் பெண் சோப்பு நுரைக் கையோடு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"அளந்து பாத்தேன். நானும் இன்னொருத்தியும்."

"நெஜமாவா? எப்படி அளப்பீங்க? நானும் சிவில்தான்க்கா."

மூக்கி சுவரில் சாய்ந்துகொண்டு, தண்ணீர்க் குழாயை மூடச் சொன்னாள். சொல்ல நேரமாகும் போலிருந்தது.